அண்ணன் அடித்த மருந்து

கோவில்பட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாம் வகுப்புக்கு வேதியியல் எடுக்கிறேன். எஸ்டர் பாடம் நடக்கும் நாளில் ஆய்வகத்தில் பிள்ளைகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பார்கள். காரணம் வாசனைதான். சோதனைக் குழாயில் கொஞ்சம் எத்தனால், கொஞ்சம் அசிட்டிக் அமிலம், அதன்மேல் சில சொட்டு அடர் கந்தக அமிலம் விட்டு, வெந்நீருக்குள் வைத்துச் சூடாக்கி, பிறகு ஒரு பீக்கர் தண்ணீரில் கொட்டினால் பழ வாசனை எழும்பும். பக்கத்து வகுப்புப் பிள்ளைகள்கூட ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கும்.

நடப்பது சின்ன விஷயம். அமிலத்திலிருந்து ஒரு ஆக்சிஜனும் ஹைட்ரஜனும், ஆல்கஹாலிலிருந்து ஒரு ஹைட்ரஜனும் கழன்று, தண்ணீராகச் சேர்ந்து வெளியே போய்விடும். மிச்சமிருக்கும் இரண்டு பாதியும் ஒட்டிக்கொள்ளும். அந்த ஒட்டுக்குத்தான் எஸ்டர் என்று பெயர். கந்தக அமிலம் வினையைத் துரிதப்படுத்துவதோடு, வெளியே வந்த தண்ணீர் திரும்ப உள்ளே புகுந்து ஒட்டைப் பிரித்துவிடாமல் அதை இழுத்து வைத்துக்கொள்ளும்.

பெயர் வைப்பதில்தான் பிள்ளைகள் சறுக்குவார்கள். ஆல்கஹாலிலிருந்து வந்த பாதியின் பெயர் முதலில் வரவேண்டும். அமிலத்திலிருந்து வந்த பாதி பின்னால், ‘ஓயேட்’ என்ற வாலோடு வரவேண்டும். மெத்தில் எத்தனோயேட் வேறு, எத்தில் மெத்தனோயேட் வேறு. இரண்டிலும் இருக்கிற அணுக்கள் ஒன்றுதான், எண்ணிக்கையும் ஒன்றுதான். எது எந்தப் பக்கம் இருந்து வந்தது என்பதில்தான் வித்தியாசம். விடைத்தாளில் மாற்றி எழுதினால் மதிப்பெண் கிடையாது.

பாடத்தில் இல்லாத ஒன்றும் உண்டு. எஸ்டர் ஆவதற்கு அசிட்டிக் போன்ற அமிலம்தான் வேண்டும் என்றில்லை. பாஸ்பாரிக் அமிலமும் ஆல்கஹாலோடு சேர்ந்து எஸ்டர் ஆகும். எங்கள் பக்கத்து உரக்கடைகளில் அலமாரி அலமாரியாக அடுக்கி வைத்திருக்கிற பூச்சி மருந்துகளில் பலதும் அந்த வழியில் வந்தவைதான். இது எனக்கு எம்.எஸ்ஸி. படித்த காலத்திலிருந்து தெரியும். தெரிந்த விஷயமாக மட்டுமே இருந்தது.

என் அண்ணன் பசுவந்தனைக்குப் பக்கத்தில் எங்கள் ஊரிலேயே விவசாயம் பார்த்துக்கொண்டிருந்தான். மானாவாரிக் கரிசல். முன்னெல்லாம் உளுந்தும் பருத்தியும் போட்டவன், பிறகு எல்லாரையும்போல மக்காச்சோளத்துக்கு மாறினான். மாறிய கொஞ்ச காலத்தில் படைப்புழு வந்தது. குருத்துக்குள் உட்கார்ந்துகொண்டு உள்ளேயே தின்னும் புழு. மேலாக மருந்து அடித்தால் அதற்கு உறைக்காது. ஒவ்வொரு செடியின் குருத்துக்குள்ளும் குழாயைக் காட்டி அடிக்க வேண்டும். செடி நெஞ்சு உயரத்துக்கு வந்த பிறகு, அடிக்கிற மருந்து அடிக்கிறவன் முகத்துக்கும் நெஞ்சுக்கும்தான் முதலில் வரும்.

அண்ணனுக்குக் கையில் உறை, முகத்தில் துணி எதுவும் ஆகாது. “வேர்த்து ஊத்துது, மூச்சு முட்டுது” என்பான். மருந்து டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு, லுங்கியை மடித்துக் கட்டி, சட்டையோடு இறங்கிவிடுவான். கரிசலில் எல்லாரும் அப்படித்தான் இறங்குகிறார்கள்.

அந்த ஐப்பசியில் விடாமல் மழை பெய்து, ஒரு நாள் வெயில் அடித்தது. மறுபடி மழை வருவதற்குள் அடித்துவிட வேண்டும் என்று எல்லாக் காட்டிலும் ஆட்கள் இறங்கியிருந்தார்கள். அன்று காலையில் அண்ணனுக்கும் மதினிக்கும் சண்டை. அவர்களுடைய ஒரே மகன் கோயம்புத்தூரில் ஒரு பட்டறையில் வேலை பார்த்தான். தீபாவளிக்கு வந்தபோது, “ரெண்டு பேரும் காட்ட குத்தகைக்கு விட்டுட்டு எங்கூட வந்து இருங்க” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். மதினிக்குப் போக ஆசை. அண்ணனுக்கு அந்தப் பேச்சே பிடிக்காது. அன்றைக்கும் அதே பேச்சு வந்திருக்கிறது. அண்ணன் வாசலில் நின்றுகொண்டு, தெருவே கேட்கும்படி, “நான் செத்தாத்தான் ஒனக்கு நிம்மதி. அப்புறம் எங்க வேணும்னாலும் போயிக்க” என்று கத்திவிட்டுப் போயிருக்கிறான். எந்த வீட்டில்தான் இப்படி ஒரு வார்த்தை வராமலிருக்கிறது? ஆனால் அன்று அதைப் பக்கத்து வீடுகளும் கேட்டன.

மத்தியானச் சாப்பாட்டு வேளையில் பள்ளிக்கூடத்தில் எனக்கு போன் வந்தது. மதினி அழவில்லை. குரல்தான் கீச்சென்று வேறு யாருடையதோ போல இருந்தது.

“ஏட்டி, ஒங்க அண்ணன் காட்டுல விழுந்து கெடக்காவ. வாயில நொரையா வருது. கையி காலெல்லாம் துடிக்கி. நான் கஞ்சி கொண்டு வந்தேன், இப்பிடிக் கெடக்காவளே...”

“மதினி, மொதல்ல சட்டையக் கழத்துங்க. சோப்பு போட்டு ஒடம்பக் கழுவுங்க. கண்ணுலயும் தண்ணி விடுங்க.”

“இங்கன தண்ணிக்கு எங்கட்டி போவ? மருந்து கலக்கக் கொண்டாந்த தண்ணி தீந்துபோச்சு.”

சோப்புத் தண்ணீர் ஏன் என்று அவளுக்குச் சொல்ல நேரமில்லை. எஸ்டரைப் பிரிக்கத் தண்ணீர் வேண்டும், காரம் இருந்தால் இன்னும் சீக்கிரம் பிரியும், சோப்பில் காரம் உண்டு, தோலில் பிசுபிசுவென்று ஒட்டியிருக்கிறதையும் சோப்பு எடுத்துவிடும். இவ்வளவும் என் மண்டைக்குள் ஓடியது. கரிசல்காட்டின் நடுவில் ஒரு குடம் நல்ல தண்ணீர் இல்லை. போன் கட்டாகிவிட்டது.

ஆம்புலன்ஸ் தார் ரோடு வரைக்கும்தான் வரும். மழையில் நனைந்த கரிசலில் எந்தச் சக்கரமும் இறங்காது. கால் வைத்தால் அப்பிக்கொண்டு, ஒவ்வொரு அடிக்கும் பாதம் கனத்துக்கொண்டே போகும். அந்த நேரம் கோவில்பட்டியில் பயறு வியாபாரம் செய்கிற ஒரு பாய், அடுத்த காட்டில் உளுந்து விளைச்சலைப் பார்க்க வந்திருந்தார். அவருடைய லோடு ஆட்டோ ரோட்டில் நின்றது. மதினி கூப்பாடு போட்டதைக் கேட்டு ஓடிவந்தவர், தன் தோள் துண்டை அண்ணன் மேல் போர்த்தி, அவனை முதுகில் தூக்கிப் போட்டுக்கொண்டு, அந்தச் சகதிக்குள் நடந்தே ரோட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். ஆம்புலன்ஸுக்குக் காத்திராமல் தன் வண்டியிலேயே ஏற்றினார். இதையெல்லாம் மதினி சொல்லித்தான் பிறகு கேட்டேன்.

நான் ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனபோது வண்டி வந்துவிட்டிருந்தது. அண்ணன் கண்ணைத் திறந்து பார்த்தேன். கண்மணி குண்டூசி முனை மாதிரிச் சுருங்கியிருந்தது. கண், மூக்கு, வாய் எல்லாவற்றிலும் நீர் வடிந்தது. உடம்பு குளத்தில் முக்கி எடுத்ததுபோல் வேர்வையில் நனைந்திருந்தது. பாய் என்னைப் பார்த்து, “கவலப்படாதீங்கம்மா, மூச்சு இருக்கு” என்றார். அப்புறம் கூட்டத்தில் அவரை நான் பார்க்கவில்லை.

“என்ன மருந்து?” என்றார் டாக்டர். கொஞ்ச நேரத்தில் பக்கத்துக் காட்டுக்காரர் ஒருவர் பாட்டிலை எடுத்துக்கொண்டு பைக்கில் வந்து சேர்ந்தார். மூடி இல்லை. உள்ளே அடியில் கொஞ்சம்தான் இருந்தது. பெயரைப் படித்தேன். எத்தில், புரொப்பில் என்று முன்னால் ஆல்கஹால் பக்கத்துப் பெயர்கள். பின்னால் பாஸ்பாரிக் வகை அமிலத்தின் பெயர், அதற்கு வால். கரும்பலகையில் நான் எழுதிப் போடுகிற வரிசை மாறாமல் அப்படியே இருந்தது. டாக்டரிடம் சொன்னேன். அவர் அதற்கு முன்பே ஊசியைப் போட ஆரம்பித்திருந்தார்.

“குடிச்சாரா, அடிச்சாரா?” என்று ஒரு நர்ஸ் கேட்டார். எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான்.

மதினி வாயைத் திறப்பதற்குள் பாட்டில் கொண்டுவந்தவர், “பாட்டிலு அவரு தலமாட்டுல தெறந்து கெடந்துச்சு. காலையில வீட்டுல ஏதோ சண்டையாம்” என்றார். கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல. கேட்டதற்குப் பதில் சொன்னார். மதினி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தக் கணத்தில்தான் அவளுக்குள் சந்தேகம் விழுந்திருக்க வேண்டும்.

முதலுதவி முடிந்ததும் திருநெல்வேலிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். அங்கே தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தோம். வெளியே வராந்தாவில் நானும் மதினியும் சுவரோரம் உட்கார்ந்திருந்தோம். எங்களைப்போலவே அங்கே பாய் விரித்துக்கொண்டு இருந்தவர்களில் பாதிப்பேர் மருந்துக் கேஸ்தான். “ஒங்க வீட்டுலயும் மருந்தா?” என்று ஒருத்தி கேட்டாள். ‘மருந்து’ என்றால் குடித்தது என்றுதான் பொருள். அடித்தவன் விழுவான் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

உள்ளே என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று எனக்கு மட்டும் தெரிந்திருந்தது. தெரிந்திருப்பது அங்கே ஒரு வேதனை. நம் உடம்பில் நரம்பு தசைக்குச் சேதி சொல்வதற்கு ஒரு பொருள் சுரக்கிறது. அதுவும் ஒரு எஸ்டர்தான். அசிட்டிக் அமிலத்தின் பாதி அதற்குள்ளும் இருக்கிறது. சேதி சொல்லி முடித்ததும் அதை உடனே வெட்டிப் போட ஒரு நொதி உண்டு. வெட்டினால்தான் தசை ஓய்வெடுக்கும். பூச்சி மருந்து அந்த நொதியின் வெட்டுகிற இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். அப்போது நொதியே ஒரு எஸ்டர் ஆகிவிடுகிறது, எளிதில் பிரியாத எஸ்டர். பிறகு சேதி நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும், தசை துடித்துக்கொண்டே இருக்கும், கடைசியில் களைத்து விழும். அந்த ஒட்டை விடுவிக்க ஊசி இருக்கிறது. ஆனால் நேரம் போகப்போக ஒட்டு இறுகிவிடும். இறுகிய பிறகு அந்த ஊசிக்கு வேலை இல்லை. புதிதாக நொதி ஊறும் வரைக்கும் உயிரைப் பிடித்து வைத்திருக்க வேண்டியதுதான்.

மறுநாள் எங்களை ஒவ்வொருவராக உள்ளே விட்டார்கள். துடிப்பு நின்றிருந்தது. ஊசி மருந்தின் வேகத்தில் அண்ணன் பிதற்றிக்கொண்டிருந்தான். முகம் சிவந்து, கண்மணி இப்போது பெரிதாக விரிந்திருந்தது. இரண்டு கையையும் மேலே தூக்கி, காற்றில் எதையோ விலக்கி விலக்கி, விரல்களால் கிள்ளி எடுத்துக் கீழே போட்டுக்கொண்டிருந்தான். சோளக் குருத்தைப் பிரித்துப் புழு எடுக்கிறான் என்று எனக்குப் புரிந்தது. நர்ஸ் கையைக் கட்டிலோடு கட்டப் பார்த்தார். “கட்டாதீங்க, நான் பிடிச்சுக்கிடுதேன்” என்று பிடித்துக்கொண்டேன்.

“அண்ணே, நாந்தான்.”

என்னைப் பார்த்தான். அடையாளம் தெரிந்ததா என்று சொல்ல முடியவில்லை. “காத்து மாறிட்டு” என்றான். கொஞ்சம் கழித்து மறுபடி, “காத்து மாறிட்டுலா” என்றான். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவன் வாயிலிருந்து பொருளுள்ள வார்த்தை எதுவும் நான் கேட்கவில்லை.

வெளியே வந்து மதினியிடம் சொன்னேன். “மதினி, அடிக்கும்போது காத்து மாறியிருக்கு. மேல பட்டிருக்கு. அதத்தான் சொல்லுதான்.”

அவள் தலையை ஆட்டினாள். “மயக்கத்துல என்னத்தையோ சொல்லுதாவ. புழு எடுக்கவும்தான் செய்யுதாவ. இங்கன புழுவா இருக்கு?”

அன்று சாயங்காலம் மகன் கோயம்புத்தூரிலிருந்து வந்து சேர்ந்தான். ஊர் வழியாக வந்திருந்தான். ஊர்க்காரர்கள் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி அனுப்பியிருந்தார்கள். வராந்தாவில் வந்து நின்றவன் அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்கவில்லை.

“காலையில என்னம்மா சொன்ன அவருகிட்ட?”

“நீ சொன்னதத்தாம்லே சொன்னேன். கோயமுத்தூருக்குப் போவோம்னேன்.”

“வேற?”

“வேற ஒண்ணும் சொல்லல.”

“ஒண்ணும் சொல்லாமலா அந்த வார்த்த சொல்லிட்டுப் போனாரு?”

நான் குறுக்கே விழுந்து, அது தோல் வழியாகவும் போகும் என்று சொல்ல ஆரம்பித்தேன். “அத்தை, நீங்க சும்மா இருங்க. வருஷம் பூரா அடிக்காரு. ஒரு நாளும் போவாதது அன்னைக்கு மட்டும் போச்சாக்கும்” என்றான். அதன் பிறகு அம்மாவோடு பேசவில்லை. அவள் டீ வாங்கிக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளாமல், கீழே போய்த் தானாகக் குடித்துவிட்டு வருவான்.

நான் டாக்டரிடம் கேட்டேன், ரத்தப் பரிசோதனையில் எந்த வழியாகப் போனது என்று தெரியுமா என்று. பெண் டாக்டர், சின்ன வயது. தூக்கம் கெட்ட கண்கள். “நொதி எவ்வளவு குறைஞ்சிருக்குன்னுதான் தெரியும் மேடம். எப்படிக் குறைஞ்சுதுன்னு தெரியாது. ரெண்டு வழியிலயும் இப்படி ஆகும். எனக்கு இப்ப அவரோட மூச்சுதான் முக்கியம்” என்றார். நியாயமான பதில். ஆனால் அந்த வராந்தாவில் ஒரு குடும்பம் அந்த ஒரு பதிலுக்காகவே செத்துக்கொண்டிருந்தது.

பிதற்றல் அடங்கி, தேறிவிட்டான் என்று நாங்கள் நினைத்திருந்த நேரத்தில், ஒரு காலையில் அண்ணனால் தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை. கழுத்து துவண்டுவிட்டது. டாக்டர் அவன் நெற்றியில் ஒரு விரலை வைத்து, “தூக்குங்க பாப்போம்” என்றார். கண் மட்டும் அவரைப் பார்த்தது. இந்த மருந்தில் இப்படி ஒரு கட்டம் உண்டு, மூச்சுத் தசையும் இப்படித் துவளலாம் என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். மத்தியானத்துக்குள் குழாய் போட்டு இயந்திரத்தில் வைத்தார்கள். அதன் பிறகு நெஞ்சில் சளி கட்டியது, காய்ச்சல் வந்தது. நொதி புதிதாக ஊறுவதற்குள் அண்ணன் போய்விட்டான்.

மருந்துக் கேஸ் என்பதால் உடல் கூறாய்வு. போலீஸ்காரர் ஒருவர் மதினியிடம் வாக்குமூலம் வாங்கினார். மரியாதையாகத்தான் கேட்டார். அவள், “காலையில சண்ட போட்டோம். செத்தாத்தான் நிம்மதின்னு சொல்லிட்டுப் போனாவ” என்று ஒன்றும் மறைக்காமல் சொன்னாள். “அத ஏன் மதினி சொன்னீங்க?” என்று கேட்டேன். “நடந்தது அதுதான?” என்றாள்.

உடலை ஊருக்குக் கொண்டுவந்தபோது மறுபடி மழை. சுடுகாட்டுப் பாதையில் தூக்கிக்கொண்டு போனவர்கள் சகதியில் வழுக்கி வழுக்கிப் போனார்கள். வீட்டில் பெண்கள் ஒப்பாரியிலேயே கேள்வியையும் சேர்த்துவிட்டார்கள். ‘சொல்லு பொறுக்காமப் போனியளே’ என்று ஒருத்தி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் தொடர்ந்தார்கள். மதினி மூலையில் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தாள். அவளைப் பெற்ற அம்மாவே ஒரு சமயம் அவள் காதருகில் குனிந்து, “என்னதான் நடந்துச்சுன்னு எங்கிட்டயாவது சொல்லேம்ளா” என்று கேட்டது என் காதிலும் விழுந்தது.

அடுத்து வந்த நாள்களில் ஒரு காலையில், பின்பக்கம் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்த மதினி என்னைக் கூப்பிட்டாள்.

“ஏட்டி, நீ இதத்தான படிச்ச? நெசமாச் சொல்லு. தோலு வழியா போவுமா?”

“போவும் மதினி. இந்த மருந்து தண்ணி மாதிரி இல்ல. எண்ணெயில கரையுத சாமான். தோலுக்கு அடியில கொழுப்பு இருக்குல்லா, அதுல கரைஞ்சு உள்ள போயிரும். சட்ட நனைஞ்சா சட்ட ஒட்டியிருக்குத வரைக்கும் போய்க்கிட்டே இருக்கும். வேர்வையில இன்னும் சுருக்கப் போவும்.”

கரண்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். பிறகு சொன்னாள்.

“போவும்னு நீ சொல்லுத. போச்சான்னு நான் கேக்கேன்.”

இத்தனை வருஷம் படித்ததும் சொல்லிக்கொடுத்ததும் அந்த இடத்தில் வந்து நின்றுவிட்டது. நான் போனில் சொன்னபடி சட்டையை அவள்தான் கழற்றியிருக்கிறாள். சேற்றில் போட்டுவிட்டு வந்துவிட்டாள். அது முழுக்க ஈரமாகத்தான் இருந்ததாம். வேர்வை என்று நினைத்திருக்கிறாள். விஷம் ஏறியவனுக்கு உடம்பெல்லாம் வேர்க்கும் என்று நானே அவளுக்குச் சொல்லியிருந்தேன். அப்படியானால் அந்த ஈரம் எதையும் சொல்லாது.

கருமாதி அன்று சொந்தக்காரர்கள் எல்லாரும் பந்தலில் உட்கார்ந்திருந்தபோது பாய் வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் ஒரு பை பழம். ஆள் மெலிந்திருந்தார். துஷ்டி கேட்க அப்போதே வர முடியாமல் போனதற்கு மன்னிப்புக் கேட்பது போல, மகன் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார்.

“கேள்விப்பட்டதும் வந்துருக்கணும் தம்பி. என்னால எந்திரிக்க முடியல. அன்னைக்கு ஒங்கப்பாவ ஆஸ்பத்திரியில எறக்கிட்டுப் போனேன்லா, வீட்டுக்குப் போறதுக்குள்ளயே எனக்குத் தல சுத்த ஆரம்பிச்சிட்டு. ஒரே வாந்தி. கண்ணு மங்கிப்போச்சு. நம்ம டாக்டர்ட்ட காட்டுனா, கண்ணுல லைட்டு அடிச்சுப் பாத்துட்டு, ‘பூச்சி மருந்து ஏதும் அடிச்சீங்களா பாய்’னு கேக்குதாரு. நான் எங்க அடிச்சேன்? உளுந்து வாங்கி விக்கிறவன். ஆனா அவரு பெட்டுல போட்டு ஊசி போட்டாரு.”

நான் அவர்கள் பக்கத்தில் போய் நின்றேன். “பாய், ஒங்களுக்கு எங்கன பட்டுச்சு?” என்று கேட்டேன்.

“இங்கனதாம்மா. தோளு, கழுத்து, முதுகு. அவரத் தூக்குனதும் மேலெல்லாம் பிசுபிசுன்னு ஒட்டுச்சு. ஒரே மருந்து நெடி. டேங்கு ஒழுகியிருக்கும்போல. இடுப்பு வரைக்கும் ஊறிப் போயிருந்தாரு. என் சட்டை நனைஞ்சு தோலு எரிஞ்சிச்சு. அந்தத் துணியோட தொழுவ முடியாதே, அதனால மொத வேலையா சோப்புப் போட்டுக் குளிச்சு மாத்திட்டேன். டாக்டர் சொன்னாரு, குளிச்சதுனால தப்பிச்சீங்கன்னு.”

குடித்தவனைத் தூக்கினால் வாந்தி மேலே படலாம். அதிலும் கொஞ்சம் விஷம் இருக்கும். ஆனால் முதுகில் சுமந்தவரின் தோளும் கழுத்தும் எரிந்து, சட்டை நனைந்து, கண்மணி சுருங்கிப்போகிற அளவுக்கு மருந்து இருந்ததென்றால், அது அண்ணனின் உடம்புக்கு வெளியே இருந்த மருந்து. அவனுடைய சட்டையில் ஊறி, அதைக் கழற்றிய பிறகும் முதுகிலும் நெஞ்சிலும் ஒட்டியிருந்தது. அவன் உடம்பில் எப்படி ஏறியதோ அதே வழியில்தான் இவர் உடம்பிலும் ஏறியிருக்கிறது. இவர் எதையும் குடிக்கவில்லை.

இதை நான் பந்தலில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன். வகுப்பில் சொல்கிற குரல் வந்துவிட்டது. பாய், “அவரு வாயில நான் நொரையத்தான் பாத்தேன். ஆனா மருந்து நெடி முதுகுலதான் இருந்துச்சு. இத யாரு எங்கிட்ட வந்து கேட்டாலும் சொல்லுவேன்” என்றார்.

அப்புறம் ஒரு பெரியப்பா, “சரி, நடந்தது நடந்துபோச்சு. எலையப் போடுங்க” என்றார். ஊரைப் பொறுத்தவரை அவ்வளவுதான். அண்ணன் குடித்துத்தான் செத்தான் என்று இன்றைக்கும் நம்புகிறவர்கள் உண்டு. காலையில் கத்திய வார்த்தை அவர்கள் காதில் விழுந்திருக்கிறது. பாயின் தோள் எரிந்தது அவர்கள் தோளில் எரியவில்லை.

மதினி வாசலுக்கு உள்ளே நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். நான் உள்ளே போனதும் என் கையைப் பிடித்தாள். அண்ணன் இறந்ததிலிருந்து அவள் சத்தம்போட்டு அழுது நான் பார்த்ததில்லை. அப்போது அழுதாள். “வலிச்சிருக்குமேடி. முதுகெல்லாம் எரிஞ்சிருக்குமே. அப்பவும் நிப்பாட்டாம அடிச்சிருக்காவளே” என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லி அழுதாள். அதற்கு முன்னால் அவனுக்கு வலித்ததா என்று நினைக்கக்கூட அவளுக்கு இடமில்லாமல் இருந்திருக்கிறது.

மகன் பந்திக்குப் போகவில்லை. எல்லாரும் போன பிறகு உள்ளே வந்து, அம்மா பக்கத்தில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தான். “நான் அப்பிடிக் கேட்டிருக்கக் கூடாது” என்று அவன் சொல்லவில்லை. “சாப்பிடும்மா” என்றான். அவள் எழுந்து, அவனுக்கு முதலில் தட்டு எடுத்து வைத்தாள். மறுநாள் கோயம்புத்தூருக்குக் கூப்பிட்டான். இப்போது அவள் வர மறுத்தாள். “ஒங்கப்பா இருக்கும்போது வாரேன்னேன். இப்ப அங்கன வந்து நான் என்ன செய்ய?” என்றாள்.

அந்த வருஷத்துச் சோளத்தில் அண்ணன் அடித்த பகுதி தேறியது. அடிக்காமல் விட்ட பகுதியைப் புழு தின்றுவிட்டது. தை மாதம் அறுத்த கதிரைக் கோழித் தீவனத்துக்கு வாங்குகிறவர்கள் வந்து ஏற்றிக்கொண்டு போனார்கள். உள்ளுறுப்புப் பரிசோதனை அறிக்கை அதற்கும் பிறகு வந்தது. பாஸ்பரஸ் சேர்ந்த பூச்சி மருந்து இருந்தது என்று எழுதியிருந்தது. பெயர் சரியாக இருந்தது. எந்த வழி என்பதைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

லீவு நாள்களில் நான் ஊருக்குப் போகும்போது, மருந்து அடிக்கிற வீடுகளில் பெண்களிடம் பேசுவதுண்டு. சட்டை நனைந்தால் உடனே கழற்றச் சொல்லுங்கள், காட்டுக்கு ஒரு குடம் நல்ல தண்ணீரும் ஒரு சோப்பும் தனியாகக் கொண்டுபோங்கள், டேங்க் ஒழுகினால் அன்றைக்கு அடிக்க வேண்டாம். பெண்கள் கேட்டுக்கொள்கிறார்கள். ஆண்கள் சிரிக்கிறார்கள். “டீச்சர் சொல்லுதபடி அடிச்சா புழு சிரிக்கும்” என்றான் ஒருவன். சிலர் குடம் கொண்டுபோகிறார்கள் என்று மதினி சொல்கிறாள். சில வீடுகளில் அந்தத் தண்ணீரையும் மருந்து கலக்கவே எடுத்துவிடுகிறார்களாம்.

மதினி காட்டைக் குத்தகைக்கு விட்டிருக்கிறாள். தினமும் கூலிக்குக் களை எடுக்கப் போகிறாள். போன ஐப்பசியில் நான் போயிருந்தபோது வீட்டுக்குப் பின்னால் இருக்கிற காட்டில் யாரோ மருந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். மோட்டார் டேங்க் சத்தம் நெருங்கி நெருங்கி வந்தது. பேசிக்கொண்டிருந்தவள் எழுந்து, கொடியில் காய்ந்த துணிகளை வாரிக்கொண்டு வந்து உள்ளே போட்டாள். கொல்லைக் கதவைச் சாத்தினாள். ஜன்னலையும் சாத்தினாள். வீடு இருட்டாகிவிட்டது. அடித்து முடிகிற வரைக்கும் இரண்டு பேரும் அந்த இருட்டிலேயே உட்கார்ந்திருந்தோம்.